ஆட்டோமேட்டிக் காரை டிராக்கில் ஓட்டினால் கியர்பாக்ஸ் சூடாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வேயிலோ டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப்பார்க்கும் நாள்) என்றால், இப்போது வரிசையில் நிற்கும் கார்களில் ஆட்டோமேட்டிக்குக்குக் குறைவில்லை. வார நாளில் ஆபீஸ் போகும் அதே காரை, ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்ப வேண்டியவர்களுக்காக எழுதியது இது.

சூடாகுமா, ஆகாதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சூடாகும். ஆனால் பலர் நினைப்பதுபோல் நேர்பாதையில் முழு ஆக்ஸிலரேட்டரில் போவதால் மட்டும் கியர்பாக்ஸ் வெந்துவிடாது. உள்ளே எது எவ்வளவு நேரம் வழுக்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழுக்கலைக் குறைத்து ஓட்டினால், நல்ல ஆயில் உள்ள சாதாரண டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் வகை) கார் 15 நிமிட செஷனைத் தாங்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு சுற்று போவதற்குள்ளேயே கெடுத்துவிடலாம்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜின் பக்கச் சக்கரமும் கியர்பாக்ஸ் பக்கச் சக்கரமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் உள்ள ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. இரண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆயிலில் சூடாக இறங்குகிறது. இன்ஜின் 5,000 ஆர்பிஎம், கியர்பாக்ஸ் பக்கம் 4,250 என்றால் 15 சதவீதம் வழுக்கல். அந்த நேரத்தில் இன்ஜின் 80 கிலோவாட் தருகிறது என்றால் 12 கிலோவாட் ஆயிலுக்குள் போகிறது. குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் ஆறை ஏழு லிட்டர் ஆயிலுக்குள் போட்டதற்குச் சமம்.

கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் பிடித்துவிட்டால் இந்த வழுக்கல் நின்றுவிடும். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது பல்சக்கர உராய்வு, ஆயில் பம்ப் எடுக்கும் சக்தி, பிடிக்காமல் சும்மா சுற்றும் கிளட்ச் தட்டுகளின் இழுவை ஆகியவைதான். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒரு கிளட்ச் விட்டு இன்னொன்று பிடிக்கும் அந்த நொடியின் பின்னத்திலும் கொஞ்சம் சூடு பிறக்கும்.

கணக்காகவே பார்ப்போம். 85 கிலோவாட் இன்ஜின் உள்ள கார். பிரேக்கிங், வளைவு எல்லாம் சேர்த்துச் சராசரியாக 50 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம், அதாவது 5 கிலோவாட், கியர்பாக்ஸில் சூடாகிறது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றுக்குச் சாலைக் கார் 2 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 130 நொடி என்றால் 650 கிலோஜூல். ஆறு கிலோ ஆயிலும் எழுபது கிலோ உலோகமும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற சுமார் 54 கிலோஜூல் வேண்டும். ஆகவே வெளியே எதுவும் போகாவிட்டால் சுற்றுக்கு 12 டிகிரி ஏறும். 90-இல் தொடங்கினால் மூன்று சுற்றில் 126. நடைமுறையில், ஆயிலின் சூட்டைக் கூலன்டுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பெரும்பகுதியை இழுத்துவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலான கார்கள் பிழைக்கின்றன. அந்த எக்ஸ்சேஞ்சருக்குள் வரும் கூலன்டே 105 டிகிரி என்றால், ஆயில் அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. இங்கேதான் பலர் தவறான அறிவுரையைக் கேட்டுவிடுகிறார்கள். பக்கத்துக் காருக்குச் சொன்னது உங்கள் காருக்குப் பொருந்தாமல் போகலாம்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில், பிஎம்டபிள்யூ 330ஐ போன்றவற்றில் உள்ள இசட்எஃப் எட்டு ஸ்பீடு கியர்பாக்ஸ், கார் நகர்ந்த சற்று நேரத்திலேயே லாக்-அப் ஆகிவிடும். டிராக்கில் இதுதான் இருப்பதிலேயே நிம்மதி. விர்ட்டஸ், டைகுன், ஸ்லாவியா 1.0 கார்களில் வரும் ஆறு ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டரும் ஒழுங்காகத் தாங்கும். பழைய நான்கு ஸ்பீடு பெட்டிகள் மேல் கியரில்தான் லாக்-அப் ஆகும். வளைவு அதிகமுள்ள டிராக்கில் அந்தக் கியருக்கே போக மாட்டீர்கள். ஆகவே நாள் முழுக்க வழுக்கல்தான்.

டிசிடி என்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். டிரை கிளட்ச் டிசிடியில், அதாவது விர்ட்டஸ், டைகுன், ஸ்லாவியா கார்களின் 1.5 டிஎஸ்ஐயில் வரும் ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜியில், கதை வேறு. டிராக்கில் வேகமாகப் போகும்போது கிளட்ச் முழுசாகப் பிடித்திருக்கும், சூடு குறைவு. ஊர்ந்து போகும்போதுதான் ஆபத்து: பிட் லேனில் (டிராக்குக்குள் போகவும் வெளியே வரவும் உள்ள பக்கப் பாதை) அடி அடியாக நகர்வது, சரிவில் பிரேக் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரிலேயே நிறுத்திவைப்பது, அடுத்தடுத்து லாஞ்ச் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளம்புவது) எடுப்பது. கிளட்ச் லைனிங்கைச் சுற்றி ஆயில் கிடையாது, காற்று மட்டும்தான். ஒரு முறை 300 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் ஆற நிமிடக் கணக்கில் ஆகும்.

வெட் கிளட்ச் டிசிடிக்கு ஆக்டேவியா ஆர்எஸ் 230-இல் வந்த ஆறு ஸ்பீடு டிகியூ250 நல்ல எடுத்துக்காட்டு. கிளட்ச் ஆயிலில் முழுகியிருப்பதால் சூடு ஆயிலுக்கு வரும், ஆயிலிலிருந்து எக்ஸ்சேஞ்சருக்குப் போகும். இதன் கன்ட்ரோலர் 138 டிகிரியில் இன்ஜின் டார்க்கைக் குறைக்கத் தொடங்கும். 145-இல் கிளட்சுக்குப் போகும் பிரஷரையே நிறுத்திவிடும். கார் நியூட்ரலில் போய்விட்டதுபோல் ஆகும். பின்னால் வருபவருக்கு அது ஆபத்து.

கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டும் புல்லியும் உள்ள சிவிடி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் நழுவாமல் இருக்க புல்லிகளை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் முழு ஆக்ஸிலரேட்டரில் உச்சத்தில் இருக்கும்; பம்பும் அந்தப் பிரஷருக்காக ஓயாமல் உழைக்கும். ஆயில் சூடேறியதும் பெரும்பாலான சிவிடிகள் தாமாகவே ஆர்பிஎம்மைக் குறைத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தும் கார் ஏறவில்லை என்றால் அது பழுது இல்லை, தற்காப்பு. மூன்று சுற்று, ஒரு ஆறும் சுற்று (மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணிக்கும் சுற்று), பிட். அவ்வளவுதான்.

ஏஎம்டி? உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்சையும் கியரையும் கார் தானே இயக்குகிறது, அவ்வளவுதான். பெட்டி சூடாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கிளட்சைத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை டிகிரி வரை பயமில்லை?

டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கு, ஆயில் தொட்டியில் உள்ள சென்சார் காட்டும் அளவை வைத்து நாங்கள் பின்பற்றும் வரம்பு இது. 80 முதல் 95 வரை அன்றாட ஓட்டம். 110 வரை டிராக்கில் இயல்பு. 120 வந்ததும் அடுத்த சுற்றை ஆறும் சுற்றாக்குங்கள். 130 என்றால் அந்த செஷன் முடிந்தது.

பழைய மினரல் ஆயில்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். இன்றைய சின்தெடிக் ஆயில் அதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் போகும் திசை அதேதான். கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில், தொட்டியில் உள்ளதைவிட 15 முதல் 30 டிகிரி வரை கூடுதலாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இன்னொருவர் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

வெப்பநிலையை எப்படிப் பார்ப்பது? டேஷ்போர்டில் ஒன்றும் இல்லையே.

டேஷ்போர்டில் காட்டும் முள் கூலன்டுக்கு. அது கியர்பாக்ஸைப் பற்றி எதுவும் சொல்லாது. கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலை, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டின் பொதுவான பட்டியலில் வராது. உங்கள் கார் கம்பெனிக்கென்று உள்ள ஸ்கேனரோ ஆப்போ வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு ஓபிடி லெவன், பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்லிங்க் போன்றவை காட்டும். டிராக்குக்கு வருவதற்கு முன்பே ஒரு சாதாரண நாளில் இணைத்துப் பார்த்து, வழக்கமான எண் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

டிரை கிளட்ச் டிசிடியில் காட்டும் கிளட்ச் வெப்பநிலை அளந்தது அல்ல, மென்பொருள் கணக்குப் போட்டது. அதை நம்பலாம், ஆனால் வரம்பு வரை போய்ப் பார்க்காதீர்கள்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் தொட்டியின் அடியை அளப்பது ஒன்றும் இல்லாததற்கு மேல். பளபளக்கும் அலுமினியத்தில் தவறாகக் குறைத்துக் காட்டும். அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் குறிவையுங்கள்.

எச்சரிக்கை விளக்கு வரும்வரை ஓட்டலாம் அல்லவா?

கூடாது. அந்த விளக்கு பெட்டி உடையாமல் இருக்க வைத்தது. ஆயிலும் சீலும் அதற்கு வெகு முன்பே அடிவாங்கத் தொடங்கிவிடும்.

டி-யில் விட்டு ஓட்டுவதா, பேடிலா?

ஸ்டீயரிங்கில் உள்ள கியர் பேடில், அல்லது மேனுவல் மோடு. டி-யில் விட்டால் வளைவுக்கு வளைவு கியரை மாற்றிக்கொண்டே இருக்கும். வளைவில் காலை எடுத்ததும் மேல் கியர், வெளியே வரும்போது அழுத்தியதும் இரண்டு கியர் கீழே, உடனே லாக்-அப் விடுபடும். ஒரு சுற்றில் தேவையில்லாத கியர் மாற்றம் பத்துக்கும் மேல் சேர்ந்துவிடும். கரி ஸ்பீட்வே போல 2 கிலோமீட்டர் சொச்சத்தில் வளைவுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் இது இன்னும் மோசம். அங்கே பெரும்பாலான சாலைக் கார்களை மூன்றாவது கியரிலேயே அதிக நேரம் வைத்திருக்கலாம். லாக்-அப்பும் விடாமல் பிடித்திருக்கும். நேரத்தில் ஒரு நொடி போகலாம், கியர்பாக்ஸ் மிஞ்சும்.

ரெட்லைனுக்கு 500 ஆர்பிஎம் முன்னதாகவே மேல் கியருக்குப் போங்கள். உச்ச ஆர்பிஎம்மில் பம்ப் இழுவையும் தட்டுகளின் இழுவையும் கூடும், கிடைக்கும் வேகமோ மிகக் குறைவு. இடது காலை பிரேக்கிலும் வலது காலை ஆக்ஸிலரேட்டரிலும் ஒரே நேரத்தில் வைக்கும் பழக்கம் ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டரைத்தான் சூடாக்கும்.

ஏசியை அணைத்துவிடுங்கள். கண்டென்சரிலிருந்து வரும் சூடான காற்றுதான் அடுத்து ரேடியேட்டருக்குள் போகிறது.

ஆட்டோகிராஸில் (கோன்களுக்கு நடுவே ஒவ்வொருவராக ஓட்டும் நேரப் போட்டி) ஒரு நிமிடம்தானே ஓட்டம். அங்கே கவலை இல்லையே?

ஓட்டத்தில் இல்லை, ஸ்டார்ட்டில் இருக்கிறது. பிரேக்கை அழுத்தி ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து நிற்கும்போது சக்கரம் நகரவில்லை. இன்ஜின் தரும் அத்தனை சக்தியும் கன்வெர்ட்டருக்குள் சூடாகிறது. 2,000 ஆர்பிஎம்மில் 150 நியூட்டன் மீட்டர் என்றால் 31 கிலோவாட். ஐந்து நொடியில் 157 கிலோஜூல். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் மூன்று லிட்டர் ஆயிலை அது ஒரே மூச்சில் 30 டிகிரி ஏற்றும். தொட்டியில் உள்ள சென்சாருக்கு இது உடனே தெரியாது. ஒன்றரை நொடிக்கு மேல் அப்படி நிற்காதீர்கள். இரண்டு ஸ்டார்ட்டுக்கு நடுவில் ஒரு நிமிடமாவது நியூட்ரலில் ஐடில் ஓடட்டும்.

வரிசையில் காத்திருக்கும்போது டி-யில் பிரேக் பிடித்து நிற்காமல் என்-இல் போடுங்கள். டிரை கிளட்ச் டிசிடி என்றால் முன்னால் இரண்டு கார் அளவு இடம் விழுந்த பிறகு ஒரே தடவையாக நகருங்கள்.

பிட்டுக்கு வந்ததும் இன்ஜினை அணைக்கலாமா?

உடனே வேண்டாம். கியர்பாக்ஸின் ஆயில் பம்பை இன்ஜின்தான் சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும், கன்வெர்ட்டருக்குள் மாட்டிய சூடான ஆயில் அங்கேயே வேகும். சரியான முறை: கடைசிச் சுற்றை மேல் கியரில், 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே, பிரேக் குறைவாகப் பயன்படுத்தி முடியுங்கள். உள்ளே வந்து பி-யில் போட்டு, பானெட்டைத் திறந்து, மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் பின் டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். ஆயில் 100-க்குக் கீழே வந்ததும் அணைக்கலாம்.

தனியாக ஆயில் கூலர் போட வேண்டுமா?

அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேனுவல் மோடில் ஒழுங்காக ஓட்டியும் நான்காவது, ஐந்தாவது சுற்றிலேயே 120 தாண்டுகிறது என்றால் தேவை. 110-இல் நின்றுவிடுகிறது என்றால் அந்தப் பணத்தை பிரேக் பேடுக்கும் டயருக்கும் செலவழியுங்கள்.

அதற்கு முன் செலவில்லாத வேலைகள் உள்ளன. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருக்கும் பூச்சி, தூசி, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கூலன்டை மாற்றுங்கள். ரேடியேட்டரைச் சுற்றி இருக்க வேண்டிய ஃபோம், ரப்பர் தடுப்புகள் பம்பர் கழற்றி மாட்டியபோது காணாமல் போயிருக்கும். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் பக்கத்தில் நழுவிவிடும். கூலன்ட் ஐந்து டிகிரி இறங்கினால் கியர்பாக்ஸ் ஆயிலும் கூடவே இறங்கும்.

கூலர் போடுவது என்று முடிவானால், பிளேட் வகையை எடுங்கள். 150 குதிரைத்திறன் வரை உள்ள காருக்கு சுமார் 11 அங்குல அகலம், 6 அங்குல உயரம், முக்கால் அங்குல கனம் போதும். ஆயில் போகும் வழி: கியர்பாக்ஸ், அடுத்து கம்பெனி எக்ஸ்சேஞ்சர், அதன்பிறகு புதிய கூலர், திரும்ப கியர்பாக்ஸ். எக்ஸ்சேஞ்சர் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும் மாடல்களில் நடுவில் வெட்டிச் சேர்க்க பைப் இருக்காது; அந்தப் பெட்டிக்கென்று வரும் அடாப்டர் பிளேட் வேண்டும். 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயில் சூடேறாவிட்டால் பல பெட்டிகள் லாக்-அப்பையே அனுமதிக்காது. மழைக்காலக் காலையில் அதுவும் ஒரு தொல்லை.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று தயாரித்த 10 மில்லிமீட்டர் ஹோஸ்தான் வேண்டும். கூலன்ட் ஹோஸ் சில மாதத்தில் ஊறி உப்பிவிடும். பைப் முனையில் விளிம்பு எழும்பியிருக்க வேண்டும், கிளாம்ப் அந்த விளிம்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். சைலன்சர் பைப்பிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். ரேடியேட்டர் வழியாகவே குத்தி மாட்டும் பிளாஸ்டிக் கம்பிகளைத் தூக்கி எறியுங்கள். அவை அதிர்வில் ரேடியேட்டர் குழாயை அறுத்துவிடும். இரும்புப் பட்டை பிராக்கெட் செய்து கூலரை ஃபிரேமில் மாட்டுங்கள். டிராக்கில் ஹோஸ் கழன்றால் உங்கள் டயரிலும் பின்னால் வருபவர் டயரிலும் ஆயில். சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீ. முதல் செஷன் முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள்.

ஆயிலை எப்போது மாற்றுவது? "லைஃப்டைம் ஆயில்" என்கிறார்களே?

டிராக்குக்குப் போகும் காருக்கு லைஃப்டைம் என்று ஒன்று கிடையாது. இசட்எஃப் கம்பெனியே சாதாரண ஓட்டத்துக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து டிராக் டே போனால் 40,000-க்கு ஒருமுறை மாற்றுங்கள். டிகியூ250-க்குக் கம்பெனி சொல்வது 60,000. டிராக்குக்கு 30,000 வையுங்கள், ஃபில்டரோடு.

அளவு பிடிப்பதில்தான் அதிகம் கெடுகிறது. ஆயில் சூட்டில் விரியும். ஏழு லிட்டர் ஆயில் 40-இலிருந்து 120-க்குப் போகும்போது அரை லிட்டருக்குப் பக்கத்தில் கூடும். அதனால் ஆறு ஸ்பீடு பெட்டிகளில் 35 முதல் 45 டிகிரிக்குள் மட்டும் அளவு பார்க்க வேண்டும். மட்டமான லிஃப்டில் காரை ஏற்றி, ஐடிலில் விட்டு, பி-ஆர்-என்-டி ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி நிறுத்தி, ஸ்கேனரில் 35 வந்ததும் அடியில் உள்ள ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறக்க வேண்டும். தாரையாக வருவது சொட்டாக மாறும்போது, புது வாஷர் போட்டு மூடுங்கள். சென்னை வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்த கார் மாலைவரை 45-க்குக் கீழே இறங்காது. முந்தைய இரவே காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். அவசரத்தில் 70 டிகிரியில் பிடித்தால் ஆயில் குறைவாகத்தான் இருக்கும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சும், பிரஷர் விழும், கிளட்ச் வழுக்கும், சூடு இன்னும் ஏறும்.

கூட ஊற்றினாலும் கெடுதல்தான். சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், விரிந்த ஆயில் பிரீதர் (காற்றுத் துளை) வழியாக வெளியே கக்கும். புதிதாகக் கூலர் போட்டிருந்தால் அதற்கும் ஹோஸுக்கும் சேர்த்து 0.3 முதல் 0.5 லிட்டர் கூடுதலாக எடுக்கும். அதைச் சேர்த்த பிறகே அளவு பாருங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சூட்டைத் தாங்குமா?

தாங்காது. இன்றைய பெட்டிகளின் வால்வும் சோலனாய்டும் 100 டிகிரியில் 6 சென்டிஸ்டோக்ஸ் அளவிலான மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்தவை. மேனுவலில் எழுதியிருக்கும் ஸ்பெக் எதுவோ அதுதான். சிவிடியில் ஏடிஎஃப் (சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் நழுவும். பாட்டிலில் விற்கும் சேர்மானங்களும் வேண்டாம்.

ஒருமுறை அதிகம் சூடாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் எரர் கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள். ஓவர்ஃப்ளோ பிளக் வழியாகக் கொஞ்சம் ஆயிலை வெள்ளை டிஷ்யூவில் பிடியுங்கள். பழுப்பு நிறம் மட்டும் என்றால் வயது. தீய்ந்த வாசனையும் கறுப்பும் இருந்தால் கிளட்ச் லைனிங் எரிந்திருக்கிறது. தொட்டியைக் கழற்றும்போது காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இருப்பது இயல்பு. விரலில் நெருடும் இரும்புச் செதில் இருந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

செதில் இல்லை என்றால் ஆயிலை மாற்றுங்கள். அடியில் கழற்றினால் மொத்தத்தில் 40 சதவீதம்தான் வெளியே வரும். ஒருமுறை மாற்றி, 200 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றி, மூன்றாவது முறையும் செய்தால் சுமார் 78 சதவீதம் புது ஆயில் ஆகிவிடும். அதற்குப் பிறகும் 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது, ரம்பிள் ஸ்ட்ரிப்பின்மேல் போவதுபோல் ஒரு நடுக்கம் வந்தால் லாக்-அப் லைனிங் கருகியிருக்கிறது. கியர் மாறும் நடுவே ஆர்பிஎம் வெறுமனே எகிறினால் பிரஷர் கசிகிறது, சீல் கெட்டிப்பட்டிருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்தக் காரை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கியர்பாக்ஸ் போனால் வாரண்டியோ இன்சூரன்ஸோ தருமா?

நம்ப வேண்டாம். இந்தியாவின் வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசியில் ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். கார் கம்பெனி வாரண்டியிலும் போட்டி ஓட்டத்துக்கு விலக்கு உண்டு. கன்ட்ரோலரில் சூடு தொடர்பான எரர் பதிவாகியிருந்தால் சர்வீஸ் சென்டருக்கு அது தெரியும். டிராக் டே கட்டணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் மாடலுக்கு ஒரு ரீகண்டிஷன் கியர்பாக்ஸ் என்ன விலை என்று விசாரித்துவையுங்கள்.